வெட்டிய துண்டெல்லாம் பதர் ஆகுமா?

திருத்துறைப்பூண்டிப் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டது, 2024 அக்டோபர் 8

"நேற்று நுண் ஆர்.என்.ஏ.வுக்காக இரண்டு பேருக்கு நோபல் அறிவித்தார்கள். செடிகளிலும் இது உண்டாம். நொதி ஒன்று ஆர்.என்.ஏ.வை வெட்டுகிறது, அந்தத் துண்டுகள் செடியை ஆட்டிவைக்கின்றன என்று படித்தேன். வெட்டுவது என்றால் அழிப்பதுதானே? வைக்கோல்கூடத்தான் மட்கித் துண்டு துண்டாகிறது. அதற்காக அந்தத் துண்டு வயலை ஆள்கிறது என்று சொல்வோமா? பதருக்குப் பட்டுக்குஞ்சம் கட்டுகிறார்கள் என்பது என் எண்ணம்."

அக்டோபர் 9, இரவு

பாதி சரி. ஆர்.என்.ஏ. என்பது மரபணுவைப் பார்த்துச் செல் எழுதும் இழை, வேதி எழுத்துகளை வரிசையாகக் கோத்தது. அதில் மிகக் குட்டியான ஒரு வகைதான் நுண் ஆர்.என்.ஏ. ஆர்.என்.ஏ.வைக் கண்ட இடத்தில் கடித்துக் குதறும் நொதிகள் இலைக்குள் ஏராளமாக இருக்கின்றன. அது எலி வெட்டு. எந்த இடத்தில் விழும் என்று சொல்ல முடியாது. நீங்கள் நினைப்பது அதைத்தான்.

இங்கே பேச்சு வேறு வெட்டைப் பற்றி. கரும்புக்கு விதைக் கரணை வெட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் குடமுருட்டிக் கரையில் கரணை வெட்டத் தனி ஆள் வைப்போம். இரண்டு பரு இருக்கவேண்டும், கணுவுக்கு இரு பக்கமும் கொஞ்சம் தண்டு விட்டிருக்கவேண்டும், பருவில் அரிவாள் படக்கூடாது. அளவு தப்பினால் அது மாட்டுக்குத்தான். அளவாக வெட்டியதோ அடுத்த ஆண்டுக் கரும்பு. இரண்டும் ஒரே கரும்பின் துண்டுகள்தாம்.

செடிக்குள் இந்தக் கரணை வெட்டும் ஆளுக்கு டைசர் போன்ற புரதம் என்று பெயர், சுருக்கமாக டி.சி.எல். காய்கறியைச் சம அளவுச் சதுரங்களாக நறுக்குவதற்கான ஆங்கிலச் சொல்லிலிருந்து 2001-இல் வைத்த பெயர். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் செடியில் நான்கு டி.சி.எல். உண்டு. நெல்லில் எட்டு. மனிதனுக்கு ஒன்றே ஒன்று. அந்தக் கணக்கில் உங்கள் வயலில் நிற்கும் பயிர் நம்மைவிட வசதியானது.

இது இரட்டை இழையாக இருக்கும் ஆர்.என்.ஏ.வை மட்டுமே தொடும். ஒரு முனையைப் புரதத்தின் ஒரு பகுதி பற்றிக்கொள்கிறது. அங்கிருந்து குறிப்பிட்ட தொலைவில் இரண்டு வெட்டுவாய்கள், இழைக்கு ஒன்றாக. பிடிக்கும் இடத்துக்கும் வெட்டும் இடத்துக்கும் உள்ள இடைவெளிதான் அளவுகோல். தனியாகக் கோல் எடுத்துவர வேண்டியதில்லை, கையின் நீளமே கோல். வெட்டு நேராக விழாமல் படியாக விழும். ஒவ்வொரு இழையின் வால் பக்கத்திலும் இரண்டு எழுத்துகள் நீட்டிக்கொண்டிருக்கும்.

டி.சி.எல்.1-உம் 4-உம் 21 எழுத்து நீளத்துக்கு வெட்டும். டி.சி.எல்.2 வெட்டுவது 22. டி.சி.எல்.3 வெட்டுவது 24. பிறகு இந்தத் துண்டு தனக்குப் பொருந்தும் தகவல் ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் செய்யச் சொல்லி மரபணு அனுப்பும் ஓலையை, தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது, டைசர் அதையும் வெட்டிவிடுகிறது. அந்த மரபணு பேசுவதற்குள் வாய் அடைக்கப்படுகிறது.

அக்டோபர் 9, அரை மணி கழித்து

மட்கிய வைக்கோல் வயலை ஆள்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் நெல் திருவிழா நடக்கிற ஊர்ப் பக்கம் இருந்துகொண்டு. பாரம்பரிய நெல்காரர்கள் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் 11

முதல் குறிப்பில் ஒரு தப்பு. என் அண்ணன் மகள் படித்துவிட்டுத் தொலைபேசியில், "சித்தப்பா, டைசரை இரண்டு வேலை பார்க்க வைத்துவிட்டீர்கள்" என்றாள். உண்மைதான். சிறு துண்டை உண்டாக்குவதோடு டைசரின் வேலை முடிகிறது. துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு தகவல் ஆர்.என்.ஏ.வைத் தேடிப் பிடித்து வெட்டுவது ஆர்கோனாட் என்ற இன்னொரு புரதம். கரணை வெட்டுகிறவரே நடுகிறவரும் என்று எழுதிவிட்டேன்.

வெட்டும் இடமும் துல்லியம். ஒட்டியிருக்கும் சிறு துண்டின் 10-ஆவது, 11-ஆவது எழுத்துகளுக்கு நேர் எதிரே தகவல் ஆர்.என்.ஏ. துண்டாகிறது. செடிகளில் துண்டுக்கும் இலக்குக்கும் எழுத்துப் பொருத்தம் ஏறக்குறைய முழுமையாக இருப்பதால் இப்படி நேராக வெட்ட முடிகிறது. விலங்குகளில் பொருத்தம் அரைகுறை. அங்கே வெட்டுவதைவிட வாயை அமுக்குவதுதான் அதிகம்.

பெயர்க்கதை ஒன்று. 1998-இல் இந்த மரபணு பழுதான அராபிடாப்சிஸ் செடியைப் பார்த்தவர்களுக்கு, அதன் ஒல்லி இலைகள் ஆர்கோனாட்டா என்ற சிறிய எண்காலிக் கடல்வாழியைப் போலத் தெரிந்தனவாம். அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அது ஆர்.என்.ஏ.வோடு தொடர்புடையது என்று அப்போது அவர்களுக்கே தெரியாது. டி.சி.எல்.1 கதை இன்னும் வேடிக்கை. பூவைப் பார்த்தவர் ஒரு பெயர் வைத்தார், சூலைப் பார்த்தவர் ஒன்று, கருவைப் பார்த்தவர் ஒன்று. யானையைத் தடவிய குருடர்கள் கதை. அது அடியோடு இல்லாவிட்டால் கருவே வளராது, விதை செத்துப்போகும். பதர் என்றீர்களே, இதுதான் பதர்.

அக்டோபர் 13, ஞாயிறு

எனக்கு இதில் ஏன் இவ்வளவு ரோஷம் என்று சொல்லிவிடுகிறேன்.

1998-இல் முதுகலைத் தாவரவியல் முடிக்கும்போது எனக்குக் கிடைத்த ஆய்வுத் தலைப்பு, வாழை இலையிலிருந்து ஆர்.என்.ஏ. பிரிப்பது. திருவையாற்றுப் படுகையில் பிறந்தவன் ஆயிற்றே, இலைக்குப் பஞ்சமில்லை என்று கொடுத்துவிட்டார்கள். பூவன் வாழையின் குருத்து இலையை ஈரத்துணியில் சுற்றிப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோவேன். பீங்கான் கலுவத்தில் போட்டுத் திரவ நைட்ரஜனை ஊற்றினால் வெண்புகை மேசையை மூடும். குழவியால் ஒரு தட்டு தட்டினால் இலை அப்பளம் போல நொறுங்கும். அதுவரை அழகு. கரைசலை ஊற்றிய பத்து நிமிடத்தில் பழுப்பேறும். வேட்டியில் பட்டால் போகாத அதே வாழைக்கறைதான். அந்தப் பீனால்கள் காற்றுப் பட்டு ஆக்சிஜனேற்றம் ஆகி ஆர்.என்.ஏ.வோடு ஒட்டிக்கொள்ளும். மாவுச்சத்தும் பசையாக வந்து சேரும். ஆறு வாரம் எனக்குக் கிடைத்தது காப்பி டிகாஷன் நிறத்தில் ஒரு சளி.

போதாதற்கு எலி வெட்டு நொதி. விரல் நுனியில் இருக்கிறது, எச்சிலில் இருக்கிறது, கொதிக்க வைத்தாலும் சில சாவதில்லை. கையுறை போட்டுக்கொண்டு மூக்கைச் சொறிந்தால் அன்றைய உழைப்பு போயிற்று.

ஏழாவது வாரம் ஒருவழியாக வந்தது. ஜெல்லில், அதாவது மின்சாரம் பாய்ச்சினால் குட்டித் துண்டுகள் அடிக்கு ஓடும் கூழ்ப் பாளத்தில், ஓட்டிப் புற ஊதா விளக்கில் பார்த்தால் ரிபோசோம் ஆர்.என்.ஏ.வின் இரண்டு பட்டைகள், வயல் வரப்பு போல. அதற்குக் கீழே, ஜெல்லின் அடிப்பகுதியில், ஒரு மங்கிய தீற்றல். "அது சிதைந்த குப்பை. படத்தில் தெரியாமல் வெட்டிவிடு, கேள்வி கேட்பார்கள்" என்றார் வழிகாட்டி. வெட்டினேன்.

மறு ஆண்டு, 1999-இல், இங்கிலாந்தில் ஹாமில்டன், பால்கோம்ப் என்ற இருவர் அப்படிப்பட்ட அடிப்பகுதியில்தான் தேடினார்கள். மரபணு வாயடைக்கப்பட்ட செடிகளில் மட்டும் 25 எழுத்து நீளத்தில் சிறு ஆர்.என்.ஏ. இருப்பதைக் காட்டினார்கள். அடைக்கப்படாத செடியில் அது இல்லை.

ஆகவே நீங்கள் பதர் என்று எழுதியதும் எனக்குச் சுருக்கென்றது. அதே எண்ணத்தில் நானும் இருந்திருக்கிறேன், கத்தரிக்கோலோடு.

அக்டோபர் 14

21, 22, 24 என்று முன்பு எழுதிவிட்டு நேற்று 25 என்கிறேனே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். முதலில் அளந்தபோது ஏறத்தாழ 25 என்று வந்தது. இன்னும் நுட்பமாக ஜெல்லை ஓட்டியபோது அது ஒரே கூட்டம் இல்லை, 21 பக்கம் ஒன்றும் 24 பக்கம் ஒன்றுமாக இரண்டு என்று தெரிந்தது. படியால் அளந்ததைப் பிறகு தராசில் வைத்தது போல.

அக்டோபர் 20

"எதை வெட்டுவது என்று யார் சொல்கிறார்கள்?" இது நல்ல கேள்வி. முதல் ஆளே கேட்டிருக்கலாம்.

இரண்டு வழி. ஒன்று, செடியே தன் மரபணுவிலிருந்து ஓர் ஆர்.என்.ஏ. எழுதுகிறது. அது தன்மேலேயே மடிந்து கொண்டை ஊசி போல இரட்டையாகிவிடும். அதை உட்கருவுக்குள்ளேயே டி.சி.எல்.1 பிடித்து, முதலில் அடித்தண்டில் ஒரு வெட்டு, பிறகு அளந்து இன்னொரு வெட்டு, நுண் ஆர்.என்.ஏ.வை எடுக்கிறது. சிலவற்றில் மட்டும் கொண்டைப் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு வருகிறது. இன்னொரு வழி, நீளமான இரட்டை இழை, பெரும்பாலும் வேண்டாத விருந்தாளி. வைரஸ் பெருகும்போது இரட்டை இழை உண்டாகும். டி.சி.எல்.4 ஒரு முனையிலிருந்து 21, 21 என்று வெட்டிக்கொண்டே போகும். அது தடுமாறினால் டி.சி.எல்.2 கைகொடுக்கும்.

வெட்டியதும் விட்டுவிடுவதில்லை. ஹென்1 என்ற நொதி ஒவ்வொரு துண்டின் வால் நுனியிலும் மீத்தைல் என்ற சிறு வேதித் தொப்பி ஒன்றை வைக்கிறது. இல்லாவிட்டால் வேறு நொதிகள் வால் பக்கத்திலிருந்து தின்றுவிடும். நாம் கரணையை மருந்தில் முக்கி நடுகிறோமே, அந்த நேர்த்திதான். குப்பைக்கு யாராவது விதை நேர்த்தி செய்வார்களா?

பெட்டூனியாவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1990-இல் ஊதாப் பூவை இன்னும் கருஊதா ஆக்கலாம் என்று அதே நிற மரபணுவின் இன்னொரு படியைச் செடிக்குள் ஏற்றினார்கள். பூத்தவற்றில் பல வெள்ளை, சில வெள்ளைக் கோடு போட்டவை. கூடுதலாகக் கொடுத்ததும் இருந்ததும் சேர்ந்து ஊமையாகிவிட்டன. கும்பகோணம் நர்சரி ஒன்றில் கோடு போட்ட பெட்டூனியாவைப் பார்த்து இந்தக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். கடைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, தொட்டி வேண்டுமா, வேண்டாமா?" என்றார்.

அக்டோபர் 27

டி.ஏ.பி. உரத்துக்குத் தட்டுப்பாடு. சங்கத்தில் வரிசையில் நின்றுவிட்டு வந்து எழுதுகிறேன், கோபம் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டி.ஏ.பி. தரும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைந்தால் செடி என்ன செய்கிறது தெரியுமா? இலைப் பக்கத்தில் நுண் ஆர்.என்.ஏ. 399 என்ற துண்டு பெருகுகிறது. உணவு போகும் குழாய் வழியாகவே வேருக்கு இறங்குகிறது. அங்கே பி.எச்.ஓ.2 என்ற மரபணுவின் தகவல் ஆர்.என்.ஏ.வை வெட்டவைக்கிறது. பி.எச்.ஓ.2-இன் வேலை, மணிச்சத்தை உள்ளே இழுக்கும் புரதங்களைக் குறைத்து வைப்பது. அதன் வாயை அடைத்ததும் வேர் கூடுதலாக இழுக்கிறது. தலைமடை வறண்டதும் ஆள் அனுப்பி மதகைத் திறக்கச் சொல்வது மாதிரி. ஆள் 21 எழுத்து நீளம்.

அப்படியானால் டி.ஏ.பி. வேண்டாமா என்று கேட்டுவிடாதீர்கள். மதகைத் திறந்தாலும் ஆற்றில் தண்ணீர் வேண்டும்.

நவம்பர் 17

மேலக்காட்டு வரப்போரம் நாலு குத்தில் இலை நுனியிலிருந்து ஆரஞ்சு மஞ்சள் பாய்ந்திருக்கிறது. குட்டையாகவும் நிற்கிறது. துங்ரோவாக இருக்கலாம் என்று வயிற்றைக் கலக்குகிறது. விளக்குப் பொறியில் பச்சைத் தத்துப்பூச்சி விழுகிறது.

துங்ரோ இரட்டையர் நோய். கோல் வடிவ வைரஸ் ஒன்று, உருண்டை வைரஸ் ஒன்று. மஞ்சளும் குட்டையும் பெரும்பாலும் கோல் வடிவத்தின் கைவரிசை. ஆனால் தத்துப்பூச்சி அதைச் சுமந்து பரப்ப உருண்டையின் துணை வேண்டும். நெல் சும்மா இருப்பதில்லை, டைசர்கள் வைரஸ் ஆர்.என்.ஏ.வை நறுக்கிக்கொண்டுதான் இருக்கும். பிறகு ஏன் நோய் வருகிறது? வைரஸும் சும்மா இருப்பதில்லை. தக்காளியைத் தாக்கும் ஒரு வைரஸ் குடும்பத்தில் பி19 என்ற புரதம் உண்டு. அது 21 எழுத்து இரட்டைத் துண்டின் இரு முனைகளையும் இடுக்கி போலப் பிடித்து நீளம் சரிதானா என்று பார்க்கும். சரியாக இருந்தால் ஆர்கோனாட்டின் கைக்குப் போகாமல் வைத்துக்கொள்ளும். போலீஸ்காரரின் முழக்கோலையே திருடனும் வைத்திருக்கிறான்.

செடி ஜெயிப்பதும் உண்டு. 1928-இல் விங்கார்ட் என்பவர் வளையப்புள்ளி வைரஸ் தாக்கிய புகையிலையைப் பார்த்தார். கீழ் இலைகள் கருகிக் கிடக்க, பிறகு வந்த மேல் இலைகள் நோயற்று இருந்தன. ஏன் என்பது புரிய எழுபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. கீழே வெட்டிய துண்டுகளால் எழும் எச்சரிக்கை மேலே போய்ச் சேர்ந்திருக்கிறது. வேதாரண்யத்துப் புகையிலைக்காரர்கள் யாராவது இங்கே இருந்தால், கீழ் நோய், மேல் சுகம் என்று கண்டதுண்டா என்று எழுதுங்கள்.

நம் பக்கத்து முயற்சியும் ஒன்று உண்டு. கோல் வடிவ வைரஸின் ஒரு பகுதி இரட்டை இழையாக எழுதப்படும்படி டெல்லியில் பாஸ்மதி நெல்லில் ஏற்றினார்கள். அதாவது, டைசருக்கு முன்கூட்டியே குற்றவாளியின் படத்தைக் காட்டி வைப்பது. அதைப் பின்கலப்பு செய்து, அதாவது வேண்டிய ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலந்து, நம் குறுவைக்காரர்களுக்குத் தெரிந்த ஏ.எஸ்.டி.16 நெல் ரகத்துக்குக் கொண்டுவந்து 2016-இல் ஆய்வு வெளியிட்டார்கள். நோய் தணிந்தது. ஆனால் மரபணு மாற்றுப் பயிர், ஆய்வோடு நின்றது. நான் நாலு குத்தைப் பிடுங்கிப் புதைத்துவிட்டேன்.

நவம்பர் 28

மழை. நாகை, மயிலாடுதுறைப் பக்கம் பயிர் மூழ்கிக் கிடக்கிறது என்கிறார்கள். எங்களுக்கு முழங்கால் அளவு. வடிகால் வெட்டப் போகிறேன். ஆர்.என்.ஏ. பிறகு.

டிசம்பர் 8

தண்ணீர் வடிந்தது. முக்கால் பங்கு தப்பியது.

தூர் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். என் அப்பாவுக்கு வயது எண்பத்து இரண்டு. குத்தைக் கையால் விரித்து எண்ணிப் பார்த்துவிட்டு, "தூர் கட்டினால் மட்டும் போதுமா? பாதி தூர் வைக்கோலுக்குத்தான்" என்பார். அவர் வாழ்நாள் முழுவதும் சொன்னதை 2010-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் ஒரே மரபணுவில் போய்ப் பிடித்தன. எஸ்.பி.எல்.14 என்பது அதன் பெயர். அதை நுண் ஆர்.என்.ஏ. 156 வெட்டிக் குறைத்து வைத்திருக்கிறது. சில நெல்களில் 156 ஒட்டும் இடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. துண்டு சரியாக ஒட்டவில்லை, வெட்டு குறைந்தது, எஸ்.பி.எல்.14 கூடியது. விளைவு, தூர் குறைவு, தண்டு பருமன், கதிரில் மணி அதிகம். ஓர் எழுத்து.

அப்பாவிடம் சொன்னேன். "அந்த நெல் மழையில் சாயுமா?" என்று மட்டும் கேட்டார். தண்டு பருமன் என்றேன். "அப்படியானால் சரி" என்று வெற்றிலையை மடித்தார்.

டிசம்பர் 9

நேற்றைய குறிப்பைப் படித்து, 156-ஐ ஒழித்துவிட்டால் விளைச்சல் பெருகும் என்று ஒருவர் முடிவு கட்டிவிட்டார். வேண்டாம். இளம்பயிரில் 156 நிறைய இருக்கும், வயது ஏற ஏறக் குறையும். பயிரைக் குழந்தையாக வைத்திருப்பதே அதுதான். தூர் வெடிக்க வேண்டிய நாளில் தூர் வெடிக்கட்டும்.

டிசம்பர் 22

எங்கள் சித்தப்பா மகன் மருந்துக் கடை ஒன்றில் 'ஆர்.என்.ஏ. வளர்ச்சி ஊக்கி' என்று ஒரு பாட்டில் வாங்கி வந்திருக்கிறான். இரண்டு நாள் மோட்டார் சைக்கிள் பெட்டியில் வெயிலில் கிடந்ததாம். அதில் என்ன இருக்கிறது என்று பாட்டிலிலும் இல்லை, கடைக்காரருக்கும் தெரியவில்லை. எனக்கு ஆறு வாரக் காப்பி டிகாஷன் நினைவு வந்தது.

தெளிப்பு ஆர்.என்.ஏ. என்பதே பொய் என்று சொல்லமாட்டேன். வெறும் ஆர்.என்.ஏ. இலைமேல் நிற்காது. 2017-இல் ஆஸ்திரேலியாவில் மெல்லிய களிமண் தகடுகளில் ஏற்றித் தெளித்தபோது 20 நாள் வரை வைரஸிலிருந்து காப்பு இருந்தது. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டுக்கு எதிரான இரட்டை இழை ஆர்.என்.ஏ. தெளிப்புக்கு அனுமதி கிடைத்தது. அங்கே வெட்டுவது செடியின் டைசர் அல்ல, இலையைத் தின்ற வண்டின் டைசர். அளந்து வெட்டித் தன் கழுத்தையே அறுத்துக்கொள்கிறது.

எந்த எழுத்து, யாருக்கு எதிராக என்று எழுதாத பாட்டிலை வாங்காதீர்கள். தம்பி அதைத் தென்னைக்கு ஊற்றிவிட்டான். தென்னை எப்போதும் போல இருக்கிறது.

2025 ஜனவரி 13, போகி

பரணைக் காலி செய்யச் சொல்லி அம்மா விடியற்காலையிலேயே எழுப்பிவிட்டார்கள். கட்டுக்குள் கட்டாக என் ஆய்வேடு. பக்கங்களில் பாதியைக் கரையான் அளவே பார்க்காமல் வெட்டியிருக்கிறது.

படம் இருந்தது. இரண்டு பட்டைகள் இன்னும் தெளிவு. அதற்கு ஒரு விரல் கீழே கத்தரித்த ஓரம். கை நடுங்கியிருக்கவேண்டும், ஓரம் கோணிக்கொண்டு போகிறது.

இத்தனை நாள் இங்கே ஒரு பெருமையோடு எழுதிவிட்டேன், அதையும் திருத்தவேண்டும். அந்த அடிப்பகுதியை வைத்திருந்தாலும் நான் எதையும் கண்டிருக்கமாட்டேன். சாதாரண ஜெல்லில் அங்கே தெரிவது பெரும்பாலும் கடத்தி ஆர்.என்.ஏ.வும் சிதைந்த துணுக்கும்தான். 21 எழுத்துத் துண்டைப் பார்க்க அடர்த்தியான அக்ரிலமைடு ஜெல் வேண்டும், கதிரியக்கக் குறி போட்ட இழை வேண்டும், எதைத் தேடுகிறோம் என்ற நினைப்பு வேண்டும். எனக்கு மூன்றும் இல்லை. வழிகாட்டி சொன்னதும் அன்றைக்குச் சரிதான், அந்தத் தீற்றலில் பெரும்பங்கு எலி வெட்டு. திருத்துறைப்பூண்டிக்காரரே, உங்கள் பாதி உங்களுக்கு.

படத்தை எடுத்துவைத்துவிட்டேன், மற்றது தீக்குப் போயிற்று. கட்டுக்கு அடியில் என் வெள்ளை ஆய்வக அங்கியும் கிடந்தது. அதை அம்மா அடுப்படிக்குக் கரித்துணியாகக் கிழித்துக்கொண்டார்கள். மார்புப் பக்கத்து வாழைக்கறை அப்படியே இருக்கிறது.